வேப்பமர நிழலை வரைய

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. வாட்டர் கலரில் நிழல் வரைய நான் பழகியது அதன் அடியில்தான். புங்கமர நிழல் அடர்த்தியானது, உட்கார்ந்து இளைப்பாற நல்லது. வரைய வேம்புதான் அழகு. அதன் சிறிய இலைகளுக்கு நடுவே வெயில் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

காலை எட்டரைக்கு உட்காருங்கள். தாள் நிழலில் இருக்கட்டும். வெயிலில் வைத்தால் தாளே பளீரென்று தெரியும், கை தானாக நிறத்தைக் கூட்டிவிடும். வீட்டுக்குள் கொண்டுபோனால் படம் இருண்டு கிடக்கும். முதல் பத்து நிமிடத்தில் நிழலின் எல்லையைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். சூரியன் ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி நகர்ந்துவிடும். நிழல் நகர்ந்தால் நகரட்டும், குறித்ததை மாற்றாதீர்கள்.

இனி வெயில் திட்டுகள். இலை இடுக்கு எவ்வளவு கோணலாக இருந்தாலும், உயரத்திலிருந்து தரையில் விழும் ஒளி வட்டமாகத்தான் விழும். வெயில் சாய்வாக இருக்கும் காலையில் அது முட்டை வடிவமாக நீளும். ஒவ்வொரு திட்டும் சூரியனின் பிம்பம். 2019 டிசம்பர் 26 அன்று வளைய சூரிய கிரகணம் வந்தபோது, எங்கள் வாசல் முழுக்க முதலில் பிறைகள், அப்புறம் ஒன்பதரை மணி வாக்கில் சில நிமிடங்களுக்குக் குட்டிக் குட்டி வளையல்கள்! அன்றிலிருந்து திட்டுகளை நான் கோணல்மாணலாக வரைவதே இல்லை.

தரைக்கு மஞ்சள் ஓக்கர் என்ற மண்மஞ்சள் நிறத்தை நீர்க்கக் கரைத்துப் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு திட்டுகளை விட்டுவிட்டு, சுற்றிலும் நிழலை ஒரே மூச்சில் பூசுங்கள். கறுப்பு வேண்டவே வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறமும் கலந்தால் போதும். வானத்தின் வெளிச்சம் நிழலுக்குள்ளும் இறங்குவதால் நீலம் சற்றுத் தூக்கலாக இருக்கட்டும். உயரக் கிளைகளின் நிழலுக்கு ஓரம் மங்கலாக இருக்கும்; அங்கே மட்டும் ஈரப் பிரஷால் லேசாகத் தடவுங்கள்.

சுண்ணாம்பு அடித்த திண்ணைச் சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். மேலே நிழல் நீலம். கீழே வர வர, வெயில் பட்ட செம்மண் அதில் ஒரு செம்மையை ஏற்றியிருக்கும். நீலம் ஈரமாக இருக்கும்போதே அடியில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னாவைத் தொட்டு விடுங்கள், தானாகப் பரவும்.

காய்ந்தால் நிறம் ஒரு படி வெளுக்கும். அதனால் முடிந்ததும் படத்தை வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். நிழல் போதவில்லை என்றால், நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு கொடுக்கலாம்.