லேத் மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை: எங்கிருந்து பார்ப்பது?

பச்சை பட்டனை அமுக்கியதும் த்ரீ ஃபேஸ் மோட்டார் உறுமுகிறது, சக் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் பாகம்) அசையவில்லை என்றால் உடனே சிவப்பு பட்டனை அமுக்குங்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டார் வழக்கமானதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று தட்டித் தட்டிப் பார்த்தே காயிலை எரித்தவர்கள் அதிகம். சக்கைக் கையால் சுழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கவே கூடாது.

பெரும்பாலும் இது ஒரு ஃபேஸ் வராத கோளாறுதான்.

1. கரண்டை நிறுத்துங்கள்

மெயின் சுவிட்சை இறக்கி, மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேறு யாரும் போட்டுவிட முடியாது. அப்புறம் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, முதலில் கரண்ட் வரும் ஒரு பிளக் பாயிண்டில் அளந்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்டார்ட்டரில் ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு எர்த் என ஆறு அளவுகளையும் எடுங்கள். எல்லாம் பூஜ்யமாக இருந்தால், திரும்பவும் அதே பிளக் பாயிண்டில் மீட்டரைச் சோதியுங்கள். அதற்குப் பிறகுதான் கை வைக்க வேண்டும்.

டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு ஃபியூஸ் போயிருந்தாலும், ஆன் செய்த மோட்டாரின் காயில் வழியாக மற்ற ஃபேஸ்களின் வோல்டேஜ் அந்த ஒயருக்குத் திரும்பி வரும். டெஸ்டர் எரியும், "மூணு ஃபேஸும் வருதே" என்று நாமும் ஏமாறுவோம்.

2. ஃபியூஸும் ஸ்டார்ட்டரும்

கட்டைகளை மேஜையில் வைத்து, ஒவ்வொன்றிலும் தொடர்பு இருக்கிறதா என்று ஓம் மீட்டரில் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் தடித்த கம்பியைக் கட்டிச் சமாளிக்காதீர்கள். ஸ்டார்ட்டரில் லூஸான திருகு, கருகிய ஒயர் முனை, குழி விழுந்த பாயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். காண்டாக்டரை (ஸ்டார்ட்டருக்குள் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) கையால் அமுக்கிப் பிடித்து மூன்று பாயிண்டையும் அளந்தால், மூன்றும் பூஜ்யத்தை ஒட்டியே காட்ட வேண்டும்.

3. மோட்டார்

பெல்ட்டைக் கழற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங். லேசாகச் சுற்றினால், ஒயர்களில் அடையாளம் போட்டுவிட்டு டெர்மினலில் கழற்றி, மூன்று ஜோடிகளின் ஓம் அளவையும் எடுங்கள். மூன்றும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் வைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும். பாடிக்குக் கரண்ட் கசிகிறதா என்பதை மல்டிமீட்டர் உறுதியாகச் சொல்லாது. அதன் உள் பேட்டரியின் வோல்டேஜ் மிகக் குறைவு. 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டாரை ஓட்டாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் உறுமினால், மெயினுக்கே ஒரு ஃபேஸ் வராமல் இருக்கலாம். கரண்ட் இருக்கும்போது ஃபேஸுக்கு ஃபேஸ் சுமார் 415 வோல்ட் வருகிறதா என்று அளப்பது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை.

4. திரும்ப ஓட்டும்போது

நேரடி ஸ்டார்ட்டர் (முழு வோல்டேஜையும் ஒரேயடியாக மோட்டாருக்குக் கொடுப்பது) என்றால், அதிக கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயை மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள். 2 ஹெச்பி மோட்டாருக்கு அது சுமார் 3.5 ஆம்பியர் வரும். ட்ரிப் ஆகிறதே என்று ரிலேயை ஏற்றி வைப்பது, ஒரு ஃபேஸ் போகும் அன்று மோட்டாரைப் பலி கொடுப்பதற்குச் சமம்.

பெல்ட் போடாமல் ஒரு நொடி ஓட்டி, சுற்றும் திசையைப் பாருங்கள். எதிர்த்திசையில் சுற்றினால், மரை போட்டு ஏற்றிய சக் கழன்று விழ வாய்ப்புண்டு. கரண்டை நிறுத்திவிட்டு மோட்டார் ஒயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் திசை சரியாகிவிடும்.