பேஸ்மென்ட் வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் சொட்டினால்

ரொறன்ரோ, ஸ்காபரோ பக்கம் பேஸ்மென்டில் வாடகைக்கு வருபவர்கள் பலருக்கு வாட்டர் ஹீட்டர் பக்கத்து அறையிலேயே நிற்கும். குளியலறைச் சுவரில் தொங்கும் கீஸர் போன்றதல்ல இது. பெரும்பாலும் 151 அல்லது 189 லிட்டர் தாங்கி, நாள் முழுக்கச் சூடாகவே இருக்கும். குடியேறிய முதல் வாரத்திலேயே மூன்றைப் பார்த்து வையுங்கள்: மேலே குளிர்நீர் பைப்பில் இருக்கும் வால்வு, கேஸ் குமிழ் (மின்சார ஹீட்டர் என்றால் அதன் பிரேக்கர்), சின்னக் கைப்பிடியோடு பக்கவாட்டிலோ உச்சியிலோ இருக்கும் பாதுகாப்பு வால்வு.

அழுத்தம் 150 பிஎஸ்ஐ-யை (psi, அழுத்தத்தை அளக்கும் அலகு) தொட்டாலோ, தண்ணீர் 99 டிகிரி செல்சியஸை எட்டினாலோ இந்தப் பாதுகாப்பு வால்வு தானாகத் திறக்கும். தெர்மோஸ்டாட் பழுதாகிச் சூடு ஏறிக்கொண்டே போனால், தாங்கி வெடிக்காமல் காக்கும் கடைசிக் காவல் இதுதான். அதிலிருந்து ஒரு குழாய் தரைக்குக் கிட்ட வரை இறங்கும். சொட்டுகிறதே என்று அந்தக் குழாயின் வாயை மூடி போட்டு அடைக்கவே கூடாது. வாளி வையுங்கள், போதும்.

எப்போது சொட்டுகிறது என்று கவனியுங்கள். எல்லோரும் குளித்து முடித்தபின், தாங்கி மறுபடி சூடாகும்போது மட்டும் சொட்டினால், காரணம் பெரும்பாலும் சூட்டில் தண்ணீர் விரிவதுதான். பனிக்காலத்தில் 5 டிகிரியில் வரும் 189 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 3 லிட்டர் கூடுகிறது. தெருக்குழாய்ப் பக்கம் திரும்பிப் போகாதபடி தடுப்பு வால்வு இருந்தால், அந்த 3 லிட்டருக்கு வேறு இடமில்லை. இதற்காகவே குளிர்நீர் பைப்பில் சின்ன விரிவுத் தாங்கி பொருத்துவார்கள். ஏற்கெனவே இருந்தால், அதிலுள்ள டயர் வால்வு போன்ற முனையின் ஊசியை லேசாக அழுத்துங்கள். காற்று வராமல் தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டும். இரவும் பகலும் விடாமல் ஒழுகினால், வீட்டின் நீரழுத்தம் 80 பிஎஸ்ஐ-க்கு மேலே இருக்கிறதா என்று பிளம்பரை அளக்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால், உப்புப் படிந்து வால்வு மூடாமல் இருக்கலாம்.

தரையில் ஈரம் என்றால் முதலில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேல் இணைப்புகளுக்கும் அடியிலுள்ள வடிகால் குழாய்க்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வையுங்கள். நனைவது எதுவோ அதுதான் இடம். இரண்டும் காய்ந்திருக்க, உறையின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தால் உள்தாங்கி துருப்பிடித்துவிட்டது. அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது, ஹீட்டரையே மாற்ற வேண்டும்.

தண்ணீர் கொட்டினால் முதலில் சூட்டை நிறுத்துங்கள். அப்புறம்தான் குளிர்நீர் வால்வு. ஆவியோடு பீய்ச்சினால் கிட்டப் போகாதீர்கள். கேஸ் மணம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, வெளியில் நின்று 911-ஐ அழையுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரருக்கு வீடியோவோடு எழுத்தில் தெரிவியுங்கள். ஒன்ராறியோவில் பல ஹீட்டர்களே வாடகைக்கு எடுத்தவை. நிறுவனத்தின் எண் தாங்கியின் ஸ்டிக்கரில் இருக்கும். “ஹீட்டரைப் பரிசோதிக்க வந்தோம்” என்று கதவைத் தட்டுபவர்களை உள்ளே விடாதீர்கள், பில்லையும் காட்டாதீர்கள். அழைக்காமல் வீடு தேடி வந்து வாட்டர் ஹீட்டருக்கு ஒப்பந்தம் போடுவது 2018 மார்ச் 1 முதல் இங்கே தடை.