நிலவில் மாட்டிக்கொண்டால் எதை எடுத்துப் போவீர்கள்? மேனேஜர்களுக்கு ஒன்றரை மணி நேரப் பயிற்சி

டீம் பில்டிங் என்றாலே ஏலகிரியில் ரிசார்ட், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், மதியம் பிரியாணி, சாயங்காலம் கயிறு இழுக்கும் போட்டி. பிரியாணியில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் திங்கட்கிழமை மீட்டிங்கில் அதே இரண்டு பேர்தான் பேசுவார்கள், மற்றவர்கள் அதே மாதிரி தலையாட்டுவார்கள். (கயிறு இழுப்பதைப் பற்றி ஒரு விஷயம்: ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது என்பதை மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியல் பேராசிரியர் அளந்து பார்த்து 1913இல் வெளியிட்டுவிட்டார். நாமோ அதையே ஒற்றுமைக்கு அடையாளமாக வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறோம்.)

மீட்டிங் அறையிலேயே, பேப்பர், பேனா செலவோடு முடிகிற ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்க உளவியலாளர் ஜே ஹால் உருவாக்கிய நிலவுப் பயிற்சி. பழையதுதான், ஆனால் இதைவிட நேர்மையாக ஒரு டீமின் முகத்தைக் காட்டும் கண்ணாடியை நான் பார்த்ததில்லை.

கதை இதுதான். உங்கள் விண்கலம் நிலவின் வெளிச்சப் பக்கத்தில் பழுதாகி இறங்கிவிட்டது. தாய்க்கலம் 200 மைல் தள்ளி நிற்கிறது, அதாவது சுமார் 320 கிலோமீட்டர். உருப்படியாக மிஞ்சியவை 15 பொருள்கள். நடந்து போய்ச் சேர எது மிக முக்கியம், எது கடைசி என்று 1 முதல் 15 வரை எண் போட வேண்டும். நாசா நிபுணர்களின் வரிசை இப்படி: ஆக்சிஜன், தண்ணீர், விண்மீன் வரைபடம், உணவு, சூரிய சக்தி வானொலிக் கருவி, 50 அடி நைலான் கயிறு, முதலுதவிப் பெட்டி, பாராசூட் துணி, காற்றடைத்த படகு, சிக்னல் வெடி, இரண்டு கைத்துப்பாக்கி, பால் பவுடர், ஹீட்டர், திசைகாட்டி, தீப்பெட்டி. நீங்கள் பட்டியலைக் கலைத்துப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் பத்து நிமிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அவரவர் தனியாக எழுத வேண்டும். பென்சில் கொடுக்காதீர்கள், பேனாவே கொடுங்கள், இல்லையென்றால் பேச்சு முடிந்ததும் சிலர் தங்கள் தாளைத் 'திருத்தி' வைத்துவிடுவார்கள். அப்புறம் ஐந்தாறு பேர் கொண்ட குழுவாக உட்கார்ந்து அரை மணி நேரத்தில் ஒரே வரிசைக்கு வர வேண்டும். இங்கே ஹால் வைத்த விதிகள் முக்கியம்: கை தூக்கி ஓட்டுப் போடக் கூடாது, சராசரி எடுக்கக் கூடாது, சண்டை வேண்டாம் என்பதற்காக மட்டும் ஒத்துக்கொள்ளவும் கூடாது.

மதிப்பெண் கணக்கு எளிது. நாசா 14 கொடுத்த திசைகாட்டிக்கு நீங்கள் 3 கொடுத்திருந்தால் வித்தியாசம் 11. பதினைந்துக்கும் இப்படிப் பார்த்துக் கூட்டுங்கள், குறைவாக வந்தால் நல்லது. பிறகு போர்டில் மூன்று எண்களை எழுதுங்கள்: தனிநபர்களின் சராசரி, தனியாக எழுதியவர்களில் சிறந்தவரின் எண், குழுவின் எண்.

பாடம் முழுக்க இந்த மூன்று எண்களுக்குள்தான் இருக்கிறது. ஒரு தொழிற்சாலையில் நடத்தியபோது சராசரி 48, குழு 44. 'பாத்தீங்களா, சேர்ந்தா ஜெயிக்கிறோம்' என்று ஜி.எம். கை தட்டினார். சிறந்த தனி எண்ணை எழுதினேன்: 26. அது ஸ்டோர்ஸில் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண்ணின் தாள். நிலவில் பூமியைப் போல வடக்கு காட்டும் காந்தப்புலம் இல்லை, திசைகாட்டி வேலை செய்யாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 'சார், அங்க காம்பஸ்...' என்று ஒருமுறை ஆரம்பித்தார். 'திசை தெரியாம எங்கம்மா நடக்கறது?' என்றார் ஜி.எம். எல்லோரும் சிரித்தார்கள், திசைகாட்டி மூன்றாம் இடத்துக்குப் போனது, அந்தப் பெண் அதற்குப் பிறகு பேசவே இல்லை. ஜி.எம். கெட்டவர் இல்லை, தான் ஒரு வாயை அடைத்தோம் என்பதே அவருக்கு நினைவில் இல்லை.

அதனால்தான் பேச்சைக் கவனிக்க மட்டும் ஒருவரை ஓரமாக உட்கார வையுங்கள். எல்லோர் பெயரையும் வட்டமாக எழுதி, பேசும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு, குறுக்கே வெட்டிப் பேசினால் ஒரு அம்புக்குறி. அவ்வளவு போதும். குழுவின் மேலதிகாரி முடிந்தால் இந்த வேலையைச் செய்யட்டும், உள்ளே உட்கார்ந்தே தீருவேன் என்றால் கடைசியாகப் பேசட்டும்.

முடிந்ததும் 'என்ன கத்துக்கிட்டீங்க?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், 'டீம் வொர்க் முக்கியம் சார்' என்று பள்ளிக்கூடப் பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். திசைகாட்டியைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளியது யார்? அதைச் சொன்னீர்களா? சொன்னபோது என்ன நடந்தது? அடுத்து, போன மாதம் நம் வேலையில் இப்படி ஏதாவது நடந்ததா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு அறை கொஞ்சம் அமைதியாகும். பொறுத்திருங்கள், அவசரப்பட்டு நீங்களே பேசி நிரப்பாதீர்கள். அரை மணி நேரமாவது இதற்கு ஒதுக்க முடியாவிட்டால் பயிற்சியே நடத்த வேண்டாம்.

வேலைக்குக் கொண்டுபோக வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு முடிவு எடுக்கும் மீட்டிங்கா? முதல் மூன்று நிமிடம் எல்லோரும் தங்கள் கருத்தை எழுதட்டும், வயதிலும் பதவியிலும் சின்னவரிலிருந்து வாசிக்கட்டும், மேனேஜர் கடைசி. மேலே சொன்ன ஜி.எம். செய்த மாற்றம் இது ஒன்றுதான்.

நேரம் மிஞ்சினால் மார்ஷ்மெல்லோ (பஞ்சு மாதிரி மெத்தென்ற மிட்டாய்) கோபுரம். வேகவைக்காத ஸ்பெகெட்டி 20 குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், ஒரு மார்ஷ்மெல்லோ, 18 நிமிடம். மேசையில் தானாக நிற்கும் கோபுரம் கட்டி உச்சியில் மார்ஷ்மெல்லோவை வைக்க வேண்டும். பீட்டர் ஸ்கில்மேன் என்ற வடிவமைப்பாளர் தொடங்கியது, டாம் வூஜெக் தன் 2010 டெட் (TED) மேடை உரையில் பிரபலமாக்கினார். எம்.பி.ஏ. முடித்தவர்களைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் நன்றாகச் செய்கிறார்களாம். பெரியவர்கள் திட்டம் போட்டு, படம் வரைந்து, கடைசி நிமிடத்தில்தான் மார்ஷ்மெல்லோவை வைக்கிறார்கள், கனம் தாங்காமல் சாய்கிறது. குழந்தைகளோ முதலிலேயே வைத்து வைத்துப் பார்க்கிறார்கள். பத்தாயிரம் டாலர் பரிசு அறிவித்து வூஜெக் நடத்தியபோது பத்துக் குழுக்களில் ஒன்றின் கோபுரம்கூட நிற்கவில்லை. இன்சென்டிவ் போட்டால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிற மேனேஜர்களிடம் இதை நான் கொஞ்சம் சந்தோஷமாகவே சொல்வேன்.

நிலவுப் பயிற்சியை ஒரே டீமுக்கு இரண்டாம் முறை வைக்க முடியாது, தீப்பெட்டி கடைசி என்பது யாருக்கும் மறக்காது. கோபுரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் வைக்கலாம். மார்ஷ்மெல்லோ மட்டும் ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்குங்கள், ஆரம்பிக்கும் முன்பே பாதியைத் தின்றுவிடுவார்கள்.