ஸ்வீடிஷ் '-ஏரா' வினைகளில் சறுக்கும் இடங்கள்

ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஸ்வீடிஷ் படிக்கத் தொடங்கியதும் ஒரு குறுக்குவழியைப் பிடித்துக்கொள்வார்கள்: ஆங்கில வினையோடு '-ஏரா' சேர்த்தால் போதும். பிரசென்ட் என்பது பிரெசென்டேரா ஆகிறது. சரி, ரியாக்ட்? ரியாக்டேரா என்றுதான் வாயில் வரும். தவறு, ரியாகேரா.

இது தனிப்பட்ட விதிவிலக்கு இல்லை. இந்தச் சொற்களின் மூலமான லத்தீன் வினைகள் பலவற்றுக்கு நிகழ்கால அடி ஒன்று, இறந்தகால எச்சத்தின் அடி ஒன்று. ஸ்வீடிஷ் வினை பெரும்பாலும் முதலாவதை எடுக்கும். பெயர்ச்சொல் இரண்டாவதை எடுக்கும். ஆங்கிலமோ பல இடங்களில் வினைக்கும் இரண்டாவதையே வைத்துக்கொண்டது. அதனால்தான் டிஸ்கஸ் டிஸ்குடேரா ஆகிறது, சப்ட்ராக்ட் சுப்ட்ராஹேரா, ஃபங்ஷன் ஃபுங்கேரா. இதிலும் கண்ணை மூடிக்கொண்டு போக முடியாது: மதிப்பதற்கு ரெஸ்பெக்டேரா என்றே சொல்கிறார்கள். வினையையும் பெயரையும் சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் உருப்படியான வழி.

ரியாகேராவில் ஓர் 'ஆ' விழுங்கப்பட்டால் வேறு சொல் வந்துவிடும். ஆட்சி செய்வதற்கான வினை எழுத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதிலுள்ள 'க' யகரமாக ஒலிப்பதால் ரெயேரா என்று சொல்ல வேண்டும்.

வடிவம் சரியாக இருந்தும் பொருள் காலை வாரும். "என் தவறை உணர்ந்தேன்" என்பதற்கு ரியாலிசேரா போட்டால் தவறைத் தள்ளுபடியில் விற்ற கதையாகிவிடும். கடைக் கண்ணாடிகளில் தொங்கும் 'ரியா' பலகை அந்த வினையின் பெயர்ச்சொல் வடிவத்தின் சுருக்கம்தான். உணர்வதற்கு இன்சே. டிஸ்புடேரா என்றால் பெரும்பாலும் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பொது அரங்கில் வாதாடி நிறுவுவது, சண்டை அல்ல. வேலையை முடித்துவிட்டேன் என்று சொல்ல கொம்ப்லெட்டேரா உதவாது. அது விடுபட்டதைச் சேர்த்துக் கொடுப்பது. ஆசிரியர் அதைச் சொன்னால் விடைத்தாள் திரும்பி வருகிறது என்று அர்த்தம்.

அப்புறம் அண்டை மொழிகள். 'படித்தேன்' என்பதற்கு ஸ்வீடிஷில் ஸ்டுடேரடே, டேனிஷில் ஸ்டுடேரெடே, நார்வேஜியனில் ஸ்டுடேர்டே. டேனிஷ் வடிவத்தை நார்வேஜியன் கட்டுரையில் எழுதினால் உடனே கண்ணில் படும். ஏவலிலும் அப்படியே: ஸ்வீடிஷ் ஸ்டுடேரா என்று முழுதாக நிற்கும், நார்வேஜியன் ஸ்டுடேர் என்று வெட்டிவிடும்.

அழுத்தம் எப்போதும் 'ஏர்' மீதுதான். ஆங்கிலப் பழக்கத்தில் முதல் அசையை அழுத்தினால், இலக்கணம் சரியாக இருந்தும் எதிரில் இருப்பவர் "என்ன?" என்பார்.