பெரிய விருந்தாளி வர்றப்போ நம்ம மொரீசியஸ் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் 12 நெருங்கினாலே நம்ம ஊர்ல பரபரப்புதான். 2018ல ராம்நாத் கோவிந்த், 2024ல திரௌபதி முர்மு, 2025ல மோடின்னு தேசிய நாளுக்கு சீஃப் கெஸ்ட்டா வந்தாங்க. கோவில் கமிட்டி, தமிழ் சங்கம்னு எல்லாரும் ராப்பகலா ஓடுறோம், ஆனா அவசரத்துல நடக்குற சில தப்புகள் மனசை உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன்.

முதல்ல பதவி. இந்தியாவுல நாட்டுத் தலைவர்னா ஜனாதிபதி, பிரதமர் அரசாங்கத்துக்குத்தான் தலைவர். மைக் பிடிக்கிறவர் ரெண்டையும் மாத்திச் சொல்லிடாம இருக்க இதை எழுதியே கொடுத்துடுங்க.

அடுத்தது பேனர், இதுலதான் எனக்கு ரொம்ப வருத்தம். பிரிண்டிங் கடையில தமிழ் தெரிஞ்சவங்க கிடைக்கிறது கஷ்டம், நம்ம அனுப்புற எழுத்து அவங்க கம்ப்யூட்டர்ல ஃபான்ட் மாறி கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு போகுது. எங்க கோவில் வாசல்ல ஒரு தடவை 'வருக வருக'ங்கிறது 'வறுக வறுக'ன்னு தொங்குச்சு, காலையில பார்த்த ஒரு ஆயா சொல்லித்தான் எங்களுக்கே தெரிஞ்சது. எழுத்தை படமாவோ பிடிஎஃப்பாவோ மாத்தி அனுப்புங்க, பிரிண்ட் போடுறதுக்கு முன்னாடி தமிழ் டீச்சர் ஒருத்தர் கண்ணுல காட்டுங்க. மொழி வரிசையையும் லேசா நினைக்காதீங்க. 1998ல நம்ம மொரீசியஸ் ரூபா நோட்டுல தமிழுக்கு மேல ஹிந்தி வந்ததுக்கு நம்ம ஜனங்க எப்படி எழுந்து நின்னாங்க, அந்த நோட்டையே திரும்ப வாங்க வச்சாங்களே! அப்படி காப்பாத்தின எழுத்து நம்ம கோவில் வாசல்லயே பிழையா தொங்கலாமா?

கொடியிலயும் கவனம் வேணும். நம்மது மேல இருந்து சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. இந்தியக் கொடியில காவி மேல. குச்சியில ஒட்டுறப்போதான் தலைகீழா போகுது, பிள்ளைங்க கையில கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க.

பேச்சுக்கு வருவோம். மேடை ஏறினா எல்லாரும் 1834, அட்லஸ் கப்பல், அதுல கூலி வேலைக்கு வந்த 36 பேர், கூலிக்காரங்க வந்து இறங்கின ஆப்ரவாசி காட் துறைன்னு ஆரம்பிக்கிறாங்க. அது நம்ம நாட்டோட பெரிய வரலாறு, கண்டிப்பா சொல்லணும். ஆனா அந்தக் கப்பல் கல்கத்தாவுல இருந்து வந்தது. தமிழர்கள் அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே, 1735ல லாபூர்தொன்னே கவர்னரா வந்த பிரெஞ்சு காலத்துலயே, பாண்டிச்சேரி பக்கத்துல இருந்து கொத்தனாராவும் தச்சராவும் வந்து போர்ட் லூயியைக் கட்டினவங்க. கூலியா வந்த தமிழர்களும் நிறைய, ரெண்டு கதையும் நம்மதுதான், ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை மட்டும் சொன்னா நம்ம பிள்ளைங்களே பாதிதான் தெரிஞ்சுக்குவாங்க. அதோட நாம இங்க வீட்டுக்காரங்க. நம்ம 100 ரூபா நோட்டுல ரங்கநாதன் சீனிவாசன்ங்கிற தமிழரோட முகம் இருக்கு, அங்கிடி செட்டியாரும் பரமசிவம் வையாபுரியும் இந்த நாட்டுக்கு ஆக்டிங் பிரெசிடென்ட்டா இருந்திருக்காங்க. 'தாய்நாட்டுல இருந்து வந்த எங்க தலைவரே'ன்னு பேசினா நம்ம நாட்டுத் தலைவர் அந்த மேடையில யாரு? உறவைச் சொல்லுங்க, மொரீசியஸ்காரங்களா நின்னு சொல்லுங்க.

பூரண கும்பம் பத்தி ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கு. என் மனசுல அது கோவில் வாசலுக்கு உரியது, குருக்கள் கையில இருந்து வரணும். ஏர்போர்ட்ல, ஹோட்டல் ஹால்ல ஷூ போட்டுக்கிட்டு நிக்கிறவங்க முன்னாடி அதை நீட்டுறதைப் பார்க்க முடியல. அங்க ஒரு வணக்கமும் பூவும் போதும்.

கடைசியா பிள்ளைங்க. மார்ச் நமக்கு கோடை, புயல் சீசனும் கூட. ரோடு மூடுறாங்கன்னு காலையிலயே பட்டுப்பாவாடையில கூட்டிட்டுப் போய் ரெண்டு மணி நேரம் வெயில்ல நிக்க வைக்கிறோம், போன தடவை எங்க டான்ஸ் பிள்ளை ஒண்ணு மயங்கி விழுந்துடுச்சு. நிழல், தண்ணி, கூட ஒரு நர்ஸ், இது மூணும் உறுதியான பிறகுதான் பேர் லிஸ்ட்டை செக்யூரிட்டிக்கு கொடுங்க. மாலையையும் அவங்க செக் பண்ணுவாங்க, பல தடவை கழுத்துல போட விடாம கையில வாங்கிக்கிட்டு போயிடுவாங்க, அதை மாலை கொடுக்கப்போற பிள்ளைகிட்ட முதல் நாளே சொல்லி வச்சிடுங்க, இல்லன்னா அங்கேயே அழுதுடும்.