ஷெல் ஸ்கிரிப்ட்டில் வண்ணம்: ஒரு ரிவ்யூ சொல்லிக் கொடுத்தது

பேக்கப் எடுக்க ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (பாஷ் என்பது கட்டளைகளை ஓட்டும் ஷெல்களில் ஒன்று) எழுதி ரிவ்யூவுக்கு அனுப்பினேன். வந்த முதல் கமெண்ட்: "இதுல பேக்கப் எங்கப்பா இருக்கு? கலர்தான் தெரியுது." நியாயமான கேள்விதான். செய்தியை அச்சடிக்கும் எக்கோ வரி ஒவ்வொன்றிலும் வண்ணக் குறியீடு: முன்னால் \033[31எம், பின்னால் \033[0எம். 033 என்பது, அடுத்து வருவது கட்டளை என்று டெர்மினலுக்குச் சொல்லும் எஸ்கேப் எழுத்தின் ஆக்டல் (எட்டடிமான) எண். 31 சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், 0 போட்டால் பழைய நிறம்.

(கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

படி 1: எண்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஃபைலின் தலையில் மூன்றே வேரியபிள் (டிபுட் என்பது டெர்மினலுக்கு ஏற்ற குறியீட்டைத் தரும் கட்டளை; செட்ஏஎஃப் 1 சிவப்பு, 2 பச்சை, எஸ்ஜிஆர்0 பழைய நிலை):

ரெட்=$(டிபுட் செட்ஏஎஃப் 1)
கிரீன்=$(டிபுட் செட்ஏஎஃப் 2)
ரீசெட்=$(டிபுட் எஸ்ஜிஆர்0)

படி 2: அச்சடிக்க ஒரு ஃபங்ஷன்.

சொல்() { பிரிண்ட்எஃப் '%எஸ்%எஸ்%எஸ்\என்' "$1" "$2" "$ரீசெட்"; }

இனி சொல் "$கிரீன்" "பேக்கப் 100% முடிந்தது" என்றால் போதும். செய்தியை நேராக பிரிண்ட்எஃப்பின் முதல் இடத்தில் வைத்துவிடாதீர்கள். அந்த % குறியைப் பார்த்துக் குழம்பி, 100-ஓடு நின்றுவிடும். நான் வைத்திருந்தேன், நின்றது. \033-ஐ எஸ்கேப் எழுத்தாக மாற்றித் தரும் எக்கோ -இ ஏன் வேண்டாம்? உபுண்டுவில் எஸ்ஹெச் என்பது பாஷ் அல்ல, டேஷ் என்ற வேறொரு ஷெல். அதில் ஓட்டினால் "-இ" என்பதையும் சேர்த்தே அச்சடிக்கும்.

படி 3: இதுதான் முக்கியம். இரவில் கிரான் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டைத் தானாக ஓட்டும் நிரல்) ஓட்டிய லாக் ஃபைலைத் திறந்தால் வரிக்கு வரி ^[[31எம் என்று குப்பை. டெர்மினலில் ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள் (-டி 1: வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா? -இசட்: மதிப்பு வெற்றா?):

இஃப் [ -டி 1 ] && [ -இசட் "$நோ_கலர்" ]

ஆம் என்றால் படி 1-இன் மூன்று வரிகள். எல்ஸ் பக்கத்தில் மூன்றுக்கும் வெற்று மதிப்பு. படி 2-இல் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். நோ_கலர் என்பது வண்ணம் பிடிக்காதவர்களுக்காக 2017 முதல் புழங்கும் வழக்கம், மதித்துவிடுங்கள்.

இரண்டாவது ரவுண்டிலும் ஒரு கமெண்ட் வந்தது: பிழைச் செய்தி 2-ஆம் எண் வெளியீட்டு வழியாகப் போகிறது, நானோ சாதாரண வெளியீடான 1-ஐச் சோதிக்கிறேன். பிழைக்குத் தனியாக [ -டி 2 ] வைத்தேன்.

சரிபார்க்க: ./பேக்கப் 2>&1 | கேட் -வி. (கேட் -வி கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளையும் காட்டும்.) எங்காவது ^[ தென்பட்டால், ஏதோ ஓர் எக்கோ இன்னும் ஒளிந்திருக்கிறது.