வழக்கேட்டில் மட்டும் நாங்கள் இருந்தால் போதாது: கொழும்பின் குயர் நினைவுகளைச் சேர்த்துவைக்கும் முறை

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில், ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. 1995இல் வந்த திருத்தம் 365ஏ பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது. அதே 1995இல்தான் 'கம்பானியன்ஸ் ஒன் எ ஜேர்னி' என்ற குயர் அமைப்பு கொழும்பில் தொடங்கியது. சட்டத்திருத்தத்தை எந்த நூலகத்திலும் எடுத்துப் படிக்கலாம். அந்த அமைப்புக்கு அன்று போய்வந்தவர்கள் என்ன பேசினார்கள், எப்படிச் சிரித்தார்கள் என்பதை அவர்கள் வாயால்தான் கேட்க வேண்டும். அவர்களில் பலருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பொலிஸ் புத்தகமும் வழக்கேடும் மட்டும் மிஞ்சினால், குயர் மக்களான நாங்கள், அதாவது ஒரே பாலினத்தவரை விரும்புவோரும் திருநர்களும், குற்றவாளிகளாக மட்டுமே வாழ்ந்தோம் என்றாகிவிடும். அதற்கு இடம் கொடுக்காமலிருக்கத்தான் குரலையும் படங்களையும் சேர்த்துவைக்கும் இந்த வேலை.

முதல் சந்திப்பில் ஒலிப்பதிவு வேண்டாம். தேநீர் குடித்துப் பேசிவிட்டு வாருங்கள். சம்மதத்தை இரண்டாம் சந்திப்பில் கேளுங்கள், அதையும் மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: யார் கேட்கலாம், எந்தப் பெயரில், எப்போதிருந்து. "நான் செத்த பிறகு" என்று ஒரு அக்கா சொன்னால் அதுவும் முழுச் சம்மதம்தான். கையெழுத்து வாங்காதீர்கள், கையெழுத்திட்ட தாளே ஆளைக் காட்டிக்கொடுக்கும். சம்மதத்தைக் குரலிலேயே தனிக் கோப்பாகப் பதியுங்கள்.

சட்டம் இருக்கும்வரை உடலுறவு விவரம் எதையும் பதிய வேண்டாம். பிழையான கைக்குப் போனால் சொன்னவருக்கு எதிராகவே அது திரும்பும். கேட்க எவ்வளவோ இருக்கிறது. கைத்தொலைபேசி இல்லாத காலத்தில் வீட்டு போனை அம்மா எடுத்தால் என்ன சொன்னீர்கள்? வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுக்கும்போது வீட்டுக்காரரிடம் என்ன உறவு சொன்னீர்கள்? யுத்த காலத்துச் சோதனைச் சாவடியில், அடையாள அட்டையில் ஒரு பெயரும் தோற்றத்தில் வேறொன்றுமாக நின்ற தமிழ்த் திருநங்கையிடம் என்ன கேட்டார்கள்? 2016இல், ஆவணங்களில் பாலினத்தை மாற்ற உதவும் பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு வழி திறந்தபோது யார் யாருக்குச் சொன்னார்கள்? கொழும்புத் தமிழரின் குயர் வரலாறு இந்தக் கேள்விகளுக்குள்தான் கிடக்கிறது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டவற்றில் இது அதிகம் அகப்படாது.

பேசுபவர் மற்றவர்களின் பெயரையும் சொல்லுவார். அவர்கள் சம்மதம் தரவில்லை. எழுத்துப்படியில் அந்த இடத்தில் குறியீடு போடுங்கள், வெளியில் கொடுக்கும் ஒலிப்படியில் அதை வெட்டிவிடுங்கள்.

பதிவு செய்ய நல்ல கைத்தொலைபேசியே போதும். மடித்த துவாயின் மேல், வாயிலிருந்து 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் கோப்பை வைக்கும் சத்தம் இடிபோல விழும். மின்விசிறியை நிறுத்துங்கள், காலி வீதிப் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள், ஃபிளைட் மோடில் போடுங்கள். வேவ் வடிவம், 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்: மோனோவில் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட 520 எம்பி பிடிக்கும். முப்பது செக்கன் பதிந்து, ஹெட்போனில் கேட்டுவிட்டே தொடங்குங்கள். தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் யாரையும் இருத்தாதீர்கள்.

பெரும்பாலும் பிழை நடப்பது பதிவு முடிந்த பிறகுதான். தானியங்கி பேக்அப் நிறுத்தப்படாவிட்டால் பதிவு குடும்பக் கணக்குக்குப் போய், தம்பியின் டெப்லெட்டில் திறக்கும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒலியின் தரம் குறையலாம், இரண்டு கருவிகளில் பிரதியும் தங்கும். கோப்புக்குப் பேசியவரின் பெயரை வைக்காதீர்கள். '014-01' போல இலக்கம் போதும். எந்த இலக்கம் யார் என்ற பட்டியல் வேறொரு வீட்டில் இருக்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறிடத்தில். எல்லாவற்றையும் வெராகிரிப்ட் போன்ற மென்பொருளால் பூட்டுங்கள். கடவுச்சொல் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்; மறந்தால் மீட்க வழியே இல்லை.

கொழும்பின் ஈரக்காற்று படங்களின் பெரிய எதிரி. ஒட்டும் பக்கமுள்ள பழைய அல்பங்களில் பசை இறுகி, படத்தை இழுத்தால் கிழியும். டென்டல் ஃபுளொஸ் நூலைப் படத்துக்குக் கீழே மெதுவாக அறுப்பதுபோல ஓட்டுங்கள். அசையாவிட்டால் விட்டுவிட்டு, பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ, டிஃப் வடிவம். நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஏறத்தாழ 26 எம்பி வரும். லமினேட் செய்யவே கூடாது. பின்பக்கத்தில் எழுதுவதானால் பென்சிலால், இலக்கம் மட்டும். துருப்பிடிக்கும் ஸ்டேப்பிளைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான பெட்டியில் வையுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படக் கோப்புக்குள் தானாகப் பதிந்திருக்கும் இடக்குறிப்பை அழியுங்கள். 2022 ஜூனில் காலிமுகத்திடலில் நடந்த பிரைட் எனும் குயர் மக்களின் நடைபவனிப் படங்களுக்கும் இது பொருந்தும். முகம் தெரிகிற எவரும் உங்களுக்குச் சம்மதம் தந்தவரல்ல.

பழைய வீரகேசரி, தினகரனுக்குத் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. சொல்லை வைத்துத் தேடினால் கிடைக்காது, திகதியை வைத்துப் புரட்டுங்கள்: 1995 திருத்த விவாதம், இந்தச் சட்டம் பற்றி, பெண்களுக்கெதிரான பாரபட்சத்தைக் கவனிக்கும் ஐ.நா. குழுவின் தீர்மானம் வெளியான 2022 மார்ச், இந்தப் பிரிவுகளை மாற்றக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் பற்றி உயர் நீதிமன்றம் கருத்துச் சொன்ன 2023 மே. பத்திரிகைப் பெயர், திகதி, பக்கம் இல்லாத நறுக்கால் பயனில்லை.

எழுத்துப்படியில் பேச்சைத் திருத்தாதீர்கள். மலையகத் தமிழ், முஸ்லிம் வீட்டுத் தமிழ், நடுவில் வரும் சிங்களம், தன்னைக் குறிக்க ஒருவர் சொன்ன சொல், எல்லாம் அப்படியே நிற்கட்டும். ஒரு மணித்தியாலப் பேச்சை எழுத ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். "இதை எடுத்துவிடுங்கோ" என்றால் காரணம் கேட்காமல் மூன்று பிரதியிலும் எழுத்துப்படியிலும் பட்டியலிலும் அன்றே அழியுங்கள்.